இரண்டு இஞ்ச் லூஸ்

பட்டாபிராமில் நான் அளவெடுக்காத இடுப்பு ஒன்று இருந்தால், அது நேற்றுக் குடிவந்த இடுப்பாகத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ரயில்வே கேட் பக்கம் 'நாகவல்லி லேடீஸ் டைலர்' என்று போர்டு மாட்டி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரு பெண் கடைப்படி ஏறும்போதே அவளுடைய அளவு எனக்குத் தெரிந்துவிடும். டேப் எடுப்பதெல்லாம் ஒரு மரியாதைக்கு.

அதற்கு மேல் என்னிடம் அளவு நோட்டு இருக்கிறது. ஒருத்திக்கு ஒரு பக்கம். மார்பு, இடுப்பு, தோள், கை எல்லாம் அதில் இருக்கும். "அதே அளவுதானேக்கா?" என்பார்கள். "அதே அளவுதான்" என்று நோட்டைப் பார்த்து வெட்டிவிடுவேன். எந்தப் பெண்ணிடமும் "அளவு கூடிவிட்டது, மறுபடி எடுக்கணும்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த ரவிக்கை அடுத்த தெருவில் தைக்கப்படும்.

போன தையில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வாய், தொண்டைப் புற்றுநோய் ஆராய்ச்சி என்று சொல்லி எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். உயரம், எடை, இடுப்புச் சுற்று அளப்பார்கள். பிறகு டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பார்கள். முதல் நாள் ஒன்பது பெண்கள்தான் வந்தார்கள். அதில் மூன்று பேர் ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள். முன்பின் தெரியாத பெண்ணிடம் யார் வயிற்றைக் காட்டுவார்கள்?

அன்று சாயங்காலமே அந்த ஆராய்ச்சிப் பெண் தீபிகா என் கடைக்கு வந்துவிட்டாள். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் லேப்டாப், கண்ணில் அழுகை.

"அக்கா, நீங்க அளந்தா வருவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அளக்கறது இருக்கட்டும். வாயில வர்ற நோய்க்கும் இடுப்புக்கும் இன்னாமா சம்பந்தம்?"

"அதைத்தான்க்கா நாங்க கண்டுபிடிக்கப் பார்க்கிறோம்."

கேள்வி கேட்டால் பதில் தெரியாது என்று சொல்கிற படித்த பெண்ணை அன்றுதான் பார்த்தேன். பிடித்துப்போய்விட்டது. மறுநாள் என் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். அதில் 'கள உதவியாளர்' என்று எழுதியிருந்தது. அதை மீன் மார்க்கெட்டுக்கும் மாட்டிக்கொண்டு போனேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூட்டத்தை! நான் நிற்கிறேன் என்று தெரிந்ததும் மண்டபத்தில் வரிசை வாசல் தாண்டி நின்றது. சாயங்காலம் நான்கு மணிக்குள் நூற்று அறுபத்து மூன்று பெண்கள். தீபிகா வாயைப் பிளந்தாள்.

"எப்படிக்கா இவ்வளவு வேகமா?"

"தொழில் கண்ணு, தொழில்."

மூன்றாம் நாள் அவள் லேப்டாப்பைத் திறந்தபடியே கடைக்குள் வந்தாள். முகம் இஸ்திரி போடாத துணியாக இருந்தது.

"அக்கா, கவிப்பிரியான்னு ஒருத்தங்க. எடை எண்பத்திரண்டு கிலோ. நீங்க எழுதின இடுப்பு முப்பது இஞ்ச். இது எப்படிக்கா?"

கவிப்பிரியா என் பழைய வாடிக்கை. கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் முதல் ரவிக்கை தைத்தவள். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். நான் மென்று விழுங்கினேன்.

"அது நோட்டுல கீற அளவும்மா. தெரிஞ்சவளாச்சேன்னு…"

"அளக்கவே இல்லையா?"

"தெரியாதவங்களை எல்லாம் டேப் வெச்சு சுத்தமா அளந்தேன். சாமி சத்தியமா."

"அதுலயும் நாலு பேரை நான் திரும்ப அளந்தேன்க்கா. நீங்க எழுதினது எல்லாருக்கும் கூடுதலா இருக்கே!"

"அது லூஸ்."

"என்னது?"

"ரெண்டு இஞ்ச் லூஸ் சேத்து எழுதினேன். சேக்காம எழுதினா அவ மூச்சு உடறது எப்டி? குனிஞ்சு புள்ளைய தூக்கறது எப்டி? ரெண்டு வாய் சோறு துன்றது எப்டி?"

"அக்கா! நான் ரவிக்கை தைக்கல! ஆராய்ச்சி பண்றேன்!"

அழுவாளோ என்று பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் வெட்டிப் போட்ட துணி மேல் விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும், ஞாயிற்றுக்கிழமை தொடங்கி நூற்று அறுபத்து மூன்று பேரையும் மறுபடி அளக்க வேண்டும் என்றாள். இந்தத் தடவை நோட்டு கிடையாது, லூஸும் கிடையாது. என் தப்பு, நானே திருத்துகிறேன் என்றேன்.

டீ வாங்கிக் கொடுத்து, மனசில் இருந்ததைக் கேட்டேன். "ஏம்மா, குண்டா இருக்கறவளுக்குத்தானே இந்த நோயும் வரும்?"

"அங்கதான்க்கா விஷயமே. பல நோய்க்கு அப்படித்தான். ஆனா வாய், தொண்டைப் புற்று வந்தவங்கள்ல ஒல்லியா இருக்கறவங்க அதிகம்னு நிறைய ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. ஒல்லியா இருக்கறதாலயா, புகையிலை போட்டுப் போட்டு ஒல்லியானதாலயா, நோய் உள்ளே வந்து இளைக்க வெச்சுதா, அது இன்னும் சண்டையில இருக்கு. இடுப்புச் சுற்று கூடினாலும் ஆபத்துன்னு சிலர் சொல்றாங்க. ஒண்ணு மட்டும் தெரியும். புகையிலை போடற ஆள் இளைச்சுக்கிட்டே போனா, நாங்க முதல்ல வாயைத் திறக்கச் சொல்வோம்."

அவள் சொன்ன மற்றதெல்லாம் என் காதில் விழவில்லை. ஒல்லிக்குத்தான் ஆபத்து! குண்டு, குண்டு என்று இருபத்திரண்டு வருடமாக நான் வாங்கிய பேச்சுக்கு அம்மன் கண் திறந்துவிட்டாள்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஏகாம்பரம். பட்டாபிராமிலிருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆள் என் டேப்பை நிமிர்த்தி வைத்த மாதிரி இருப்பார். அதில் அவருக்குத் தாங்க முடியாத கர்வம். "கல்யாணத்தன்னிக்கு இருந்த அதே முப்பது இஞ்ச் மாமே" என்று ஸ்டாண்டில் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். நான் ஆட்டோவில் ஏறினால், "நீ குந்தினா எனக்கு ஒரு சவாரி கொறையுதுமே" என்பார். இத்தனைக்கும் வாயில் எப்போதும் மாவா இருக்கும். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துக் கசக்கிய பொட்டலம் அது. விற்கக் கூடாது என்று தடை இருக்கிறது. தடை போட்ட சரக்கு எங்கே கிடைக்கும் என்று ஆட்டோக்காரருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

தீபிகா போனதும், யார் யாருடைய அளவு பழையது என்று பார்க்க நோட்டைப் புரட்டினேன். சிரித்துக்கொண்டேதான் புரட்டினேன். கடைசிப் பக்கம் அவருடையது. என் கடையில் தைக்கும் ஒரே ஆண் சட்டை அதுதான். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஆட்டோவுக்கு மாலையும் அவருக்குப் புதுக் காக்கிச் சட்டையும் போடுவது எங்கள் வழக்கம். மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது, காலர் பதினாலரை. பதினோரு வருடத்துக்கு முன்னால் எழுதியது. அதற்கப்புறம் அளந்ததே இல்லை. அளப்பானேன், அதே ஆள்தானே?

போன ஆயுத பூஜைச் சண்டை அப்போது நினைவுக்கு வந்தது. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "இன்னாமே, காலர் கழுத்தை நெரிக்குது. கீழ பாத்தா கொடி மாரி ஆடுது" என்றார். "என் டேப்பு பொய் சொல்லாது. துணி சுருங்கிடுச்சு" என்று நான் கத்தினேன். இரண்டு நாள் பேசவில்லை. அன்றிலிருந்து காலர் பட்டனைத் திறந்துவிட்டுத்தான் வண்டி ஓட்டுகிறார்.

துணி சுருங்கினால் எல்லாப் பக்கமும் சுருங்கும். கழுத்தில் மட்டும் சுருங்கி இடுப்பில் விரிகிற துணியை எந்த மில்லிலும் நெய்யவில்லை.

என் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொன்றும் உறைத்தது. மனிதர் மீன் குழம்பைத் தொட்டு ஆறு மாதம் ஆகிறது. தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து, "டயட்டு" என்று ஸ்டைலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் நின்று "ஆவடி, ஆவடி, ஆவடி" என்று அவர் கூவினால் ரயில் நிலையம் வரை கேட்கும். இப்போது அந்தக் குரலும் காணோம். கேட்டால், "அதான் வண்டியில எழுதிக்கீதே" என்கிறார். ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவள், கட்டியவன் கழுத்தை அளக்காமல் விட்டேனே என்று என்னையே நான் அறைந்துகொள்ளத் தோன்றியது.

வீட்டில் மெதுவாகக் கேட்டேன். "யோவ், காலரை ஒருவாட்டி அளந்துக்கறேன்யா."

"இன்னாத்துக்கு? உன் டேப்புதான் பொய்யே சொல்லாதே!"

ஆஸ்பத்திரி என்று சொன்னால் ஒரே ஓட்டமாகப் பூந்தமல்லி தாண்டி குத்தம்பாக்கம் வரை சவாரி போய்விடுகிற ஆள். அழுதால் நடக்காது. இந்த ஆளை அசைக்க வேண்டுமானால் கர்வத்தில்தான் கை வைக்க வேண்டும்.

மறுநாள் காலை நேரே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். பத்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவர். "யோவ், உன் ஒடம்பு சோக்கா கீதா, என் ஒடம்பு சோக்கா கீதா, பந்தயம் கட்றியா?" என்றேன்.

ஸ்டாண்டே திரும்பியது.

"மண்டபத்துல டாக்டர் கீறாரு. யார் ஒடம்பு மோசம்னு அவர் சொல்றாரோ, அவங்க அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் மத்தவங்க சொல்றதைக் கேக்கணும். மறுபேச்சு இல்ல."

என் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் பார்வை என் இடுப்பில் நின்றது. நான் ஒரு சுற்றுச் சுற்றியே காட்டினேன்.

"நைனா, எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! அப்பால அவ அழக்கூடாது!"

அவருடைய கூட்டாளி டில்லிபாபு சாட்சிக்கு வருவதாகச் சொன்னார். இனி மனிதர் பின்வாங்க முடியாது. நான் தலையைக் குனிந்துகொண்டு, பயந்தவள் போல வீட்டுக்கு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு அவர் மாப்பிள்ளை மாதிரி வந்தார். இஸ்திரி போட்ட காக்கி, படிய வாரிய தலை, பின்னால் டில்லிபாபு. முதலில் எனக்கு அளவு. தீபிகாவே அளந்தாள். மூச்சை விட்ட பிறகு நாற்பத்தொரு இஞ்ச். டில்லிபாபு விசிலடித்தார். பிறகு அவருக்கு: உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், எடை நாற்பத்தெட்டு கிலோ, இடுப்பு இருபத்தேழரை.

"பாத்தியா! முப்பதுகூட இல்ல, இருபத்தேழரை!" என்று அவர் குதித்தார். தீபிகா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் ஸ்ரீநாத் இளவயசுக்காரர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பந்தயத்துக்கு ஒரு பரீட்சை இருக்கு. வாயைத் திறந்து, மூணு விரலைச் சேர்த்து மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவுல நிறுத்துங்க" என்றார்.

நான் வைத்தேன். மூன்று விரலும் போயிற்று. நாலாவதுக்கும் இடம் இருந்தது. இருபத்திரண்டு வருடம் கத்திப் பழகிய வாய் அல்லவா?

அவர் வைத்தார். ஒரு விரல் போயிற்று. இரண்டாவது விரல் பல்லில் இடித்து நின்றது.

"நா எப்பவுமே கம்மியாத்தான் பேசுவேன் சார்" என்றார். ரயில் நிலையம் வரை கேட்கக் கூவிய மனிதர். டில்லிபாபுவின் விசில் நின்றுவிட்டது.

டாக்டர் அவருடைய தாடைக்குக் கீழே தடவினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். சின்ன நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம். என் காலர் இடித்த இடம் அதுதான். பிறகு கிடைத்த இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு படை இருந்தது.

"சதை எடுத்துப் பரிசோதிக்கணும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார்.

டில்லிபாபு மெல்லக் கேட்டார். "சார், பந்தயத்துல தோத்தது யாரு?"

"ரெண்டு பேரும்தான்" என்றார் டாக்டர். "அம்மாவுக்கு இந்த இடுப்பு நல்லதில்ல. சுகர், பிரஷர் பார்க்கணும், நடக்கணும். ஐயாவுக்கு இன்னிலேர்ந்து மாவா இல்ல."

திரும்பும்போது ஆட்டோவில் நாங்கள் இரண்டு பேர்தான். சவாரி ஏற்றவில்லை. கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.

"உன் மீன் கொழம்பு நெருப்பா எரியுதுமே" என்றார் திரும்பிப் பார்க்காமல். "ஒரு வருசமா எரியுது. சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூடுவே. அங்க போனா அந்தப் பேரைச் சொல்வாங்க. அதான்…"

கழுத்தில் இருந்த டேப்பை உருவி அவர் முதுகில் இரண்டு போட்டேன். பிறகு அதே முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். குழம்பு வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொரு நாளும் இந்த மனிதரை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! கேட் திறந்தது. பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நாங்கள் நகரவில்லை.

மறுநாளே சதை எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் நான் அளந்தேன். நூற்று அறுபத்து மூன்று பெண்களையும் மறுபடி அழைத்து, நோட்டைப் பூட்டி வைத்துவிட்டு, மூச்சை விடச் சொல்லி, லூஸ் இல்லாமல் அளந்தேன். கவிப்பிரியா நாற்பது. "இன்னாக்கா இது!" என்று அலறினாள். "நீ நல்லா இருடி, அது போதும்" என்று கட்டிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதே வாரம் ஒரு ரவிக்கைக்கு மூன்று கை வெட்டினேன். அதில் இரண்டு இடது கை.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"புற்று இல்ல. வாசல்படி வரைக்கும் போயிருக்கீங்க, உள்ளே போகல. கழுத்து வீக்கம் ஒரு சொத்தைப் பல்லோட வேலை. பல்லை எடுத்துட்டா வடிஞ்சுடும். ஆனா வாய் இறுகினது பாக்கும் மாவாவும் பண்ணது. அது முழுசாப் பழையபடி ஆகாது. பயிற்சி செஞ்சா கொஞ்சம் திறக்கும். மூணு மாசத்துக்கு ஒருவாட்டி வந்து காட்டணும். மறுபடி அதை வாயில வெச்சா நான் பொறுப்பில்ல."

'இல்ல' என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் டாக்டர் காலில் விழுந்துவிட்டேன். அவர் பதறி எழுந்தார், நாற்காலி சாய்ந்தது, என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடிக்கப் போய் டார்ச்சைத் தட்டிவிட்டார். வெளியே நின்ற நர்ஸ் என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தாள்.

பயிற்சி என்ன தெரியுமா? குச்சி ஐஸில் இருக்குமே, அந்த மாதிரி மரக்குச்சிகளை அடுக்கிப் பல் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பழகியதும் இன்னொரு குச்சி. ஒன்பது குச்சியில் ஆரம்பித்தோம். மாவா இல்லாத எரிச்சலை எல்லாம் என் மேல்தான் காட்டுவார். ஆனால் வாயில் குச்சி இருந்தால் திட்ட முடியாது. அதனால் எரிச்சல் வரும்போதெல்லாம் குச்சியை எடுத்துக் கொடுத்தேன்.

பந்தயத்தில் நானும் தோற்றவள்தானே? தினமும் காலையில் இந்துக் கல்லூரி ஸ்டேஷன் வரை நான் நடக்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. ஏமாற்றுகிறேனா என்று பார்க்க ஆட்டோவை என் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வருவார். ஊரே வேடிக்கை பார்க்கும். ஆடி மாதம் ஒரு நாள், நான் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். பின்னாலிருந்து திடீரென்று வந்தது அந்தக் குரல்.

"ஆவடி! ஆவடி! ஆவடி! ஏறிக்கம்மா, பெரிய சீட்டு காலியா கீது!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! நடுரோட்டில் நின்று சிரித்தேனா, அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டும்தான். அன்று பதினைந்து குச்சி.

இந்த ஆயுத பூஜைக்கு நோட்டைத் தொடவில்லை. அவரை நிற்க வைத்து டேப்பால் அளந்தேன். காலர் பதினாலரை. விரலை விட்டுத் தாடைக்குக் கீழே தடவியும் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. இடுப்பு இருபத்தொன்பது. சட்டையைப் போட்டுக் காலர் பட்டனை மாட்டிப் பார்த்தார். மாட்டியது. பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தவர் கண்ணை விரித்தார்.

"இன்னாமே இது? இஸ்கூல் புள்ளைக்கு உடற மாரி உள்ள இம்மாந்துணி உட்டுக்கீறே?"

"வளர்ற ஒடம்பு" என்றேன்.

ஐம்பத்து மூன்று வயது மனிதர் வாயைத் திறந்து சிரித்தார். இப்போது இரண்டரை விரல் போகிறது.